சேறு கழுவினால் போகும்!

புரட்டாசி மாதத்துக் காலை. மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி செல்லும் சாலையோரம் ஒரு தேநீர்க் கடை. இரவுக் கூட்டத்தை முடித்துக்கொண்டு, கண்ணிலே உறக்கமும் கையிலே தேநீர்க் குவளையுமாக நாம் நின்றிருந்தோம். இருபுறமும் நடவு. முழங்கால் அளவு சேற்றிலே குனிந்த பெண்கள் வரிசை வரிசையாகப் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னே மண் பச்சை கட்டிக்கொண்டே வந்தது.

பள்ளிப் பையைத் தோளில் மாட்டிய சிறுவன் ஒருவன் நம் அருகே வந்து நின்றான். நம் தோளிலே கிடந்த துண்டைக் கண்டு, ‘பேச்சுப் பேசுகிறவர், இவருக்குத் தெரியாததில்லை’ என்று நினைத்தான் போலும்.

“அண்ணே, கிரப்பின்னா என்னண்ணே?”

“ஏன் கேட்கிறாய், தம்பி?”

“நேத்து வாத்தியார் சொன்னாரு. கிரப்பி பாய், வெளியே நில்லுன்னாரு. விடியக்காலம் அம்மாகூட நாத்துப் பறிச்சிட்டுப் போனேன். கால் கழுவிட்டேண்ணே. சட்டையிலே ஒட்டிக்கிட்டிருந்தது தெரியலே.”

“அழுக்கு என்று பொருள், தம்பி” என்றோம். சிறுவன் முகம் வாடிற்று. ஒன்றும் பேசாமல் நடந்தான். சொன்ன பொருளிலே பிழையில்லை. ஆனால் நெஞ்சு ஒப்பவில்லை. பள்ளியிறுதியோடு படிப்பை நிறுத்தியவர்கள் நாம். நமக்குக் கல்லூரி அகராதிதான். வீடு வந்ததும் அதைப் புரட்டினோம். புரட்டப் புரட்ட, அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு பண்ணையே அடங்கியிருக்கக் கண்டோம். கண்டதைத் தோழர்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

‘கிரப்பி’ என்ற சொல்லின் தாய் யார்? ‘கிரப்’ என்னும் வினைச்சொல். பொருள் என்ன? தோண்டுதல், மண்ணைக் கிளறுதல், வேரைக் கெல்லி எடுத்தல். ஏறத்தாழ 1300-ஆம் ஆண்டிலிருந்தே ஆங்கில எழுத்திலே காணப்படும் சொல் இது. கல்லறைக்கு ஆங்கிலத்திலே ‘கிரேவ்’ என்கிறார்களே, அதுவும் இதற்கு ஒன்றுவிட்ட உறவு. தோண்டிய குழி அல்லவா அதுவும்! பிறகு மண்ணைக் குடையும் புழுவுக்கும் ‘கிரப்’ என்று பெயர் வந்தது. 17-ஆம் நூற்றாண்டிலே பேச்சு வழக்கில் சாப்பாட்டுக்கும் அதே பெயர், ‘கிரப்’! எல்லாம் முடிந்த பிறகு, 19-ஆம் நூற்றாண்டிலே ‘கிரப்பி’ என்றால் அழுக்குப் பிடித்தவன் என்ற பொருள் நிலைத்துவிட்டது.

காணீர் அந்த வரிசையை! தோண்டினான் ஒருவன். தோண்டியதால் சோறு வந்தது. சோற்றை உண்டான் இன்னொருவன். உண்டு, கை கழுவி, ஏப்பம் விட்டு, வெற்றிலை போட்டுக்கொண்ட பிறகு, தோண்டியவனைத் திரும்பிப் பார்த்து ‘அழுக்கன்’ என்றான். தோண்டல், சோறு, அழுக்கு என்ற மூன்றும் ஒரே வேரிலே கிளைத்த சொற்கள். சேற்றில் கால் வைத்தால்தான் சோற்றில் கை வைக்கலாம் என்று நம் ஊர்க் கிழவன் சொல்வதை, இங்கிலாந்துக்காரன் ஒரே சொல்லில் சொல்லி வைத்திருக்கிறான். என்ன சொல்கிறோம் என்பதை அறியாமலே சொல்லியிருக்கிறான்!

“ஏதோ ஒரு சொல், தற்செயலாக அப்படி அமைந்துவிட்டது” என்பார்கள் சிலர். அப்படியா? இன்னொரு சொல்லைப் பார்ப்போம். படக் கொட்டகைக்குப் போகிற எந்தத் தோழருக்கும் தெரிந்த சொல்: வில்லன். கதாநாயகியைக் கடத்துகிறவன், கடைசிக் காட்சியிலே அடி வாங்குகிறவன். அந்த வில்லன் யார் தெரியுமா? இலத்தீன் மொழியிலே ‘வில்லா’ என்றால் நாட்டுப்புறத்துப் பண்ணை. அந்தப் பண்ணையோடு கட்டுண்டு கிடந்த ஆள் ‘வில்லானுஸ்’. அது பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலம் சேர்ந்தது. இடைக்கால இங்கிலாந்திலே ‘வில்லன்’ என்றால் பிரபுவின் நிலத்தைவிட்டு நகரக்கூடாத பண்ணையாள். பண்ணையாளின் பெயரே நாளடைவிலே கொடியவனின் பெயராயிற்று! கசையை ஓங்கியவன் பிரபு. கொடியவன் என்ற பட்டம் முதுகிலே தழும்பு ஏந்தியவனுக்கு! அகராதி அவன் கையிலே இருந்தது. கலப்பை இவன் கையிலே இருந்தது. வேறென்ன காரணம் வேண்டும்?

மூன்றாவது சொல், ‘டர்ட்டி’. இதன் பெயர்ச்சொல் ‘டர்ட்’. வடபுலத்து நார்ஸ் மொழியிலே அதன் மூலச்சொல்லுக்கு மலம் என்று பொருள். அதே ‘டர்ட்’ இன்று அமெரிக்காவிலே வயல் மண்ணுக்கும் பெயர். மலத்துக்கும் மண்ணுக்கும் ஒரே பெயர்!

இனி நம் மொழியைப் பார்ப்போம். பிறர் வீட்டுக் குப்பையைக் கிளறிவிட்டு நம் வீட்டைப் பூட்டி வைப்பது நேர்மையாகாது.

காவிரி நாட்டானுக்குச் சேறு அழுக்கா? பழந்தமிழிலே சேறு என்ற சொல்லுக்குக் குழைந்த மண் என்பது மட்டும் பொருளல்ல. இனிய சாறு, சாரம், இனிமை என்றும் பொருள் உண்டு. ஆறு கொணர்ந்து ஒதுக்கும் கசடுக்கு வண்டல் என்று பெயர். அந்த வண்டல்தான் தஞ்சைத் தரணி! குடகு மலையிலே பிறந்து, மேட்டூரைக் கடந்து, கல்லணையிலே கிளை பிரிந்து, காவிரியாக, வெண்ணாறாக, அரசலாறாக, வெட்டாறாக ஓடி, ஆயிரமாயிரம் ஆண்டுகளாக ஆறு கொட்டிய கசடின்மீதே குறுவையும் சம்பாவும் தாளடியும் விளைந்தன. அந்தக் கசடின்மீதே பெரிய கோயில் எழுந்தது. கசடு இல்லையேல் கோபுரம் இல்லை.

‘அழுக்கு’ என்ற சொல்லுக்கு உறவு ‘அழுகு’. எது அழுகியதோ, அது அழுக்கு. ஆங்கிலத்திலும் ‘ஃபில்த்’ என்ற சொல்லின் வேருக்கு அழுகுதல் என்றே பொருள் என்கிறார்கள். நியாயமான சொல்! அழுகியதை விலக்குவதிலே தவறில்லை. வள்ளுவரோ பொறாமைக்கு ‘அழுக்காறு’ என்று பெயர் சொல்லி, அதனை ஒழிக்க ஓர் அதிகாரமே அமைத்தார். உள்ளத்திலே அழுகுவதைத்தான் அவர் அஞ்சினார். உள்ளங்காலிலே ஒட்டியதை அஞ்சவில்லை. உழவுக்கும் ஓர் அதிகாரம் வைத்தவர் அல்லவா அவர்!

ஆனால், தோழர்களே, இன்னொரு சொல்லும் நம் மொழியிலே புகுந்துகொண்டது. ‘தீட்டு’! தீண்டு என்பதிலே பிறந்தது தீட்டு. இது மண்ணால் வருவதல்ல, மலத்தால் வருவதல்ல, மனிதன் தொடுவதால் வருவது! அழுக்கைச் சவுக்காரம் போக்கும். தீட்டைக் காவிரி முழுவதும் திரண்டு வந்தாலும் போக்க முடியாது என்றார்கள். அவன் நட்ட நாற்று தீட்டில்லை. அவன் அறுத்த கதிர் தீட்டில்லை. அவன் அடித்துத் தூற்றி, மூட்டை கட்டி, முதுகிலே சுமந்து, வண்டியிலே ஏற்றிய நெல் தீட்டில்லை. அந்த நெல்லைக் குத்திச் சோறாக்கிய பிறகு, அவன் நிழல் மட்டும் தீட்டு! ஆங்கிலேயன் தோண்டியவனை அழுக்கன் என்றான். நாம் ஒருபடி மேலே போய், குளித்தாலும் நீ அழுக்கன் என்றோம்.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று எண்ணவேண்டாம். இன்று தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை என்று பிரிந்து நிற்கும் பழைய தஞ்சை மாவட்டத்திலே, அதிலும் கீழத்தஞ்சையிலே, இந்தச் சொல் சவுக்காகவே சுழன்றது. பண்ணையாள் வேலைக்கு நேரங்கழித்து வந்தால் சவுக்கடி. எதிர்த்துப் பேசினால் சாணிப்பால். சாணத்தைத் தண்ணீரிலே கரைத்து வாயிலே ஊற்றுவார்கள்! வாசலைத் தூய்மையாக்க எது? சாணம். பாவத்தைப் போக்கும் பஞ்சகவ்வியத்திலே என்ன இருக்கிறது? சாணம். அதே சாணம், மாடு மேய்த்தவனைச் சிறுமைப்படுத்தவும் கருவியாயிற்று. சாணத்துக்கு இதிலே பங்கில்லை. ஊற்றிய கைக்கே பங்கு.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். “அவர்கள் துப்புரவாக இருப்பதில்லை” என்று குறை சொன்னவர்கள், அவர்களைத் துப்புரவாக இருக்க விட்டார்களா? தஞ்சைக்குத் தெற்கே இராமநாதபுரம் மாவட்டத்திலே, 1930 டிசம்பரில், ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்க்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். முழங்காலுக்குக் கீழே வேட்டி தொங்கக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. தலைமுடி கத்தரிக்கக் கூடாது. பெண்கள் மேலாடை போடக்கூடாது, பூச்சூடக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாண்டம் கூடாது. குடை கூடாது, செருப்புக் கூடாது. நகை கூடாது. இதனைப் பதிவு செய்தவர் மேடைப் பேச்சாளர் அல்லர். 1931 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் என்னும் ஆங்கிலேயர். வெள்ளைச் சட்டை போட்டால் அடி, போடாவிட்டால் அழுக்கன்! என்னே நீதி! அழுக்கைச் சட்டம்போட்டுப் பூசிவிட்டு, பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

சவுக்கும் சாணிப்பாலும் தாமாக ஒழியவில்லை. கன்னட நாட்டிலே பிறந்து தஞ்சைக்கு வந்து, குடிசைகளிலே படுத்து, கூழைப் பகிர்ந்து குடித்து, பண்ணையாள்களைச் சங்கமாகத் திரட்டினார் பி. சீனிவாச ராவ். அவர் நம் கொடிக்காரர் அல்லர், பொதுவுடைமைக் கட்சிக்காரர். நல்லதை யார் செய்தாலும் நாவாரச் சொல்வதே நாணயம். 1944-இல் மன்னார்குடியிலே ஏற்பட்ட ஒப்பந்தம், சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் முற்றுப்புள்ளி வைக்கச் சொன்னது. 1952-இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தது, சமத்துவம் வந்ததா?

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணி. கூலி நெல்லை உயர்த்திக் கேட்டதற்காக, ஒரே குடிசையிலே அடைக்கலம் புகுந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எரிக்கப்பட்டார்கள். அன்று கோட்டையிலே இருந்தது யார் ஆட்சி? நம் ஆட்சி. அண்ணா முதலமைச்சர். இதனை மறைத்து எழுதினால் நம் பேனாவும் அழுகிய பேனாவே. 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் பிறந்தது உண்மை. அந்தச் சட்டம் பிறக்க 44 உயிர்கள் கருகவேண்டியிருந்தது என்பதும் உண்மை.

வழக்கு நடந்தது. கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலச்சுவான்தார்களை, 1973-இல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பிலே ஒரு கருத்து வந்தது. இவர்களில் பெரும்பாலோர் செல்வந்தர், பரந்த நிலமுடையவர், கார் உள்ளவர்களும் உண்டு. இத்தகையோர் தாமே நடந்துபோய்க் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்னும் கருத்து. தோழர்களே, இதை நாம் படித்தபோது அந்தச் சிறுவனின் சட்டையே நினைவுக்கு வந்தது. சட்டையிலே சேறு பட்டவன் வகுப்புக்கு வெளியே நிற்கவேண்டும். சட்டையிலே கஞ்சி மொடமொடப்பவன் குற்றத்துக்கே வெளியே நிற்கலாம்! ‘துப்புரவானவன் தப்புச் செய்யமாட்டான்’ என்ற ஒரு நினைப்பு, எவ்வளவு உயரத்திலே போய் உட்கார்ந்திருக்கிறது, பார்த்தீர்களா!

பிறரை நோக்கி விரல் நீட்டியது போதும். நம்மை நோக்கி நீட்டுவோம். நாம் என்ன உடுத்துகிறோம்? தும்பைப்பூ வேட்டி. கூட்டத்துக்குப் போகும் வழியிலே சேறு கண்டால் என்ன செய்கிறோம்? வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்போரம் நடக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரிலே, அண்டை வெட்டிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நம்மிடம் ஓடிவந்தார். துண்டறிக்கையை வாங்கக் கையை நீட்டியவர், பாதியிலே நிறுத்தி, இடுப்புத் துண்டிலே கையைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். நாம் என்ன செய்தோம்? துடைக்கட்டும் என்று காத்து நின்றோம்! “இருக்கட்டும் பெரியவரே” என்று அந்தக் கையைப் பற்றியிருக்க வேண்டாமா? மேடையிலே சமத்துவம் முழங்கிய நாக்கு, வரப்பிலே ஊமையாயிற்று. நாம் பார்த்துக்கொண்டு நின்றது காகிதம் கறைபடக்கூடாதே என்று. அந்தக் காகிதத்திலே அச்சாகியிருந்ததோ உழைப்பாளியின் உரிமை.

இன்னும் ஒன்று, அண்மைக் காலத்து நடப்பு. காவிரிப் படுகையிலே இப்போது நடவுக்கும் வடமாநிலத்து ஆட்கள் வருகிறார்கள். மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் குழுக்குழுவாக வந்து, கொட்டகையிலே படுத்து, நம் வண்டலிலே இறங்கி நடுகிறார்கள். அவர்களைப் பற்றித் தேநீர்க் கடைகளிலே நம்மவர் பேசும் பேச்சு எப்படி இருக்கிறது? “அழுக்குப் பசங்க, குளிக்கமாட்டானுங்க, பக்கத்திலே நிற்க முடியாது.” சொல்பவர் யார்? எவருடைய பாட்டன் வாயிலே சாணிப்பால் ஊற்றப்பட்டதோ, அவருடைய பேரனும் சொல்கிறார். கூலி குறைகிறதே என்று கவலைப்படுங்கள், நியாயம். கூலியைக் குறைக்க அவர்களைக் கொண்டுவருகிறவரைக் கேளுங்கள், அதுவும் நியாயம். இந்தி திணிக்கப்பட்டால் எதிர்த்து நில்லுங்கள், நாமும் நிற்போம். ஆனால் சேற்றிலே நிற்கிறவனை அழுக்கன் என்று சொல்ல நமக்கு நாக்கு எப்படி எழுகிறது?

நாகைத் துறைமுகத்திலே ‘ரஜூலா’ கப்பலேறி மலேயாவுக்குப் போனவர்கள் நம் ஊரார். மண்டபம் முகாமிலே நோய் உண்டா இல்லையா என்று சோதிக்கப்பட்ட பிறகே இலங்கைத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டவர்கள் நம் இனத்தார். அங்கே தேயிலைக் கொழுந்து கிள்ளியவர்களை ‘தோட்டக்காட்டான்’ என்று இழித்தவர்களிலே தமிழ் பேசியவர்களும் உண்டு. அந்தச் சொல் எப்படிச் சுட்டிருக்கும் என்பதை அறிய நாம் அகராதியைத் தேடவேண்டியதில்லை. கன்னட நாட்டிலிருந்து வந்து நமக்காகத் தடியடி பட்ட ஒருவரைத் தஞ்சை மண் ஏற்றுக்கொண்டது. மேற்கு வங்கத்திலிருந்து வந்து நம் நாற்றை நடுகிறவனை மட்டும் மூக்கைச் சுளித்து விரட்டுமா?

அழுக்கு எது என்பதற்கு நாம் ஒரு அளவுகோல் வைத்துக்கொள்வோம். கழுவினால் போவது சேறு. சேறு நாள் முழுவதும் பட்டால் விரலிடுக்கிலே சேற்றுப்புண் வரும். மருதாணி அரைத்துப் பூசினால் அதுவும் ஆறும். கழுவினாலும் போகாதது, கையிலே படாமல் கருத்திலே படிந்தது, அழுகிக்கொண்டே இருந்தும் தன்னைத் தூய்மை என்று சொல்லிக்கொள்வது, அதுதான் அழுக்கு. அதற்கு மருதாணி இல்லை.

மறுவாரம் அதே வழியாகப் போனோம். அதே தேநீர்க் கடை. சிறுவனுக்காகக் காத்திருந்தோம். வந்தான்.

“தம்பி, அன்றைக்குப் பாதிதான் சொன்னேன். கிரப் என்றால் தோண்டுவது. கிரப் என்றால் சோறு. தோண்டிச் சோறு போடுகிறவனைத்தான் கிரப்பி என்று திட்டிவிட்டார்கள்.”

சிறுவன் சற்று யோசித்தான்.

“அப்ப எங்கம்மாவும் கிரப்பியாண்ணே?”

“ஆமாம் தம்பி. என் அம்மாவும்தான்.”

சிரித்தான். சட்டையிலே அன்றும் ஒரு பொட்டுச் சேறு இருந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை. நாமும் துடைக்கச் சொல்லவில்லை. பள்ளிக்கூட மணி அடித்தது, ஓடினான். அந்த வாத்தியாரும் நாளை இந்தப் பத்தியைப் படிப்பார் என்ற நம்பிக்கை நமக்கு உண்டு. படித்தால் ஒரு வேண்டுகோள்: பிள்ளையை உள்ளே அழையுங்கள், ஐயா. உங்கள் மதியச் சோறு அவன் சட்டையிலே ஒட்டியிருக்கிறது.